லேபிள் வெட்டும் விழா

திருப்பூரில் எதையும் லாட்டாகத்தான் செய்வார்கள். நூல் வாங்கினால் லாட்டு, சாயம் போட்டால் லாட்டு, தைத்தால் லாட்டு. ஒரு லாட்டில் உள்ள பனியன் அத்தனையும் ஒரே நிறம், ஒரே அளவு, ஒரே மடிப்பு. ஒன்று குறைந்தாலும், ஒன்றில் நிறம் இம்மியளவு ஏறி இறங்கினாலும், கப்பலேறப் போன பெட்டி திரும்பி வந்து வாசலில் நிற்கும். இந்தத் தொழில் தர்மத்தை முப்பது வருஷம் கட்டிக் காத்தவர் கிட்டுசாமி. அதற்குப் பிறகு அவருக்கு ஒரு ஞானம் உதித்தது. பனியன் என்றால் நூலுக்கு நாம் அலைய வேண்டும், சாயத்துக்கு நாம் அலைய வேண்டும். பிள்ளைகள் என்றால் பெற்றவர்களே மூலப்பொருளை வாசலில் கொண்டுவந்து இறக்கி, கூலியையும் அவர்களே கட்டி, கும்பிட்டுவிட்டும் போகிறார்கள். இப்படியொரு ஜாப் ஒர்க் உலகத்தில் வேறு எங்கே உண்டு?

அப்படி உதித்ததுதான் அண்டசிகரம் கல்விக் குழுமம்.

கிட்டுசாமி சிக்கனக்காரர். பனியன் கம்பெனி ஒரு பக்கம் ஓட, அதில் மிஞ்சிய ஆட்களையும் தட்டுமுட்டுச் சாமான்களையும் வீணாக்காமல் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். மணிக்குப் பதில் ஷிப்ட் சங்கு. வகுப்புக்குப் பெயர் லைன். வாத்தியாருக்குப் பெயர் லைன் இன்சார்ஜ். பனியனுக்குள் ஊசிமுனை ஒடிந்து கிடக்கிறதா என்று பார்க்கிற இயந்திரம் ஒன்று சும்மா கிடந்தது. அதைப் பள்ளி வாசலில் நிறுத்தி, காலையில் ஒவ்வொரு பிள்ளையையும் அதற்குள் புகுந்து வரச் சொன்னார்கள். எந்தப் பிள்ளைக்குள்ளும் ஊசி அகப்படவில்லை. ஆனால் பைக்குள் கதைப்புத்தகம் இருந்தால் மட்டும் அது கத்தும் என்று பிள்ளைகள் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தார்கள். சட்டைக் காலரின் உட்புறம் ஒரு சலவைக் குறிப்பு: 'வெயிலில் போடாதீர். கசக்காதீர். பிற நிறங்களோடு சேர்க்காதீர்.' இது சட்டைக்கா பிள்ளைக்கா என்று எந்தப் பெற்றோரும் கேட்டதில்லை.

பள்ளிக்கூடத்துக்கும் கிட்டுசாமியின் கல்லூரிக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். சுவரில் ஓர் இரும்பு ஷட்டர். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த லாட்டை வருஷா வருஷம் அந்தப் பக்கம் அனுப்புவதற்குப் பெயர் ஷிப்மெண்ட் விழா. ஷட்டரைத் தூக்கினால் நாலு எட்டில் போய்விடலாம்தான். ஆனால் உயர்கல்வி என்பது நெடும்பயணம் அல்லவா? ஆகவே பிள்ளைகளை ஏசி பஸ்ஸில் ஏற்றி, பேண்டு வாத்தியம் முழங்க ஊரைச் சுற்றி, மாரியம்மன் கோயிலை வலம் வந்து, அதே சுவரின் மறுபக்கத்தில் இறக்கிவிடுவார்கள். கல்லூரி முதல்வர் பன்னீர் தெளித்து வரவேற்பார். பஸ்ஸில் ஏசி ஒத்துக்கொள்ளாத ஒன்றிரண்டு பேர் வாந்தி எடுத்திருப்பார்கள். மற்றபடி குறை ஒன்றும் சொல்ல முடியாது.

பள்ளி தொடங்கிய நாளிலிருந்து ஷிப்மெண்ட் நூற்றுக்கு நூறு. அவினாசி ரோட்டில் யானை மேல் யானை நின்ற உயரத்துக்கு பிளக்ஸ் வைத்திருந்தார்கள்: 'நூறு சதவீதம்! அண்டசிகரத்தில் படித்த அத்தனை பேரும் அண்டசிகரத்திலேயே!' இந்தப் பெருமை ஜெயிலுக்குக்கூடக் கிடையாதே என்று டீக்கடையில் யாரோ வியந்தார்களாம்.

இந்த வருஷத்து லாட்டில்தான் ஜனனி இருந்தாள்.

முதலிபாளையத்தில் 'பவர் டேபிள்' வைத்திருக்கும் லிங்கசாமியின் மகள். பவர் டேபிள் என்றால், நாலைந்து தையல் மெஷின்களை ஒரே மேசையில் பூட்டிக்கொண்டு, பெரிய கம்பெனிகள் வெட்டி அனுப்பும் துணியைத் தைத்துக் கொடுக்கிற தொழில். ஜனனி முதல் மார்க்கும் இல்லை, கடைசி மார்க்கும் இல்லை. பதினாலு வருஷமாக அந்த ஊசி இயந்திரத்துக்குள் புகுந்து புகுந்து வந்தவள். அவளால் குழுமத்துக்கு ஒரு தொந்தரவும் வந்ததில்லை.

பரீட்சை முடிந்த விடுமுறையில், தைத்த துணியைக் கொடுக்க முதலிபாளையம் சிட்கோ தொழிற்பேட்டைப் பக்கம் போனவள் ஒரு பழைய குடோனின் கேட்டில் 'சமுதாயக் கல்லூரி' என்ற பலகையைப் பார்த்தாள். உள்ளே மேசை போட்டு உட்கார்ந்திருந்த அனுசுயா என்கிற அம்மாளிடம், "அக்கா, உள்ள வந்து பாக்கலாங்களா?" என்று கேட்டாள்.

"பாரேன். ஆரு வேண்டாங்கறது?" என்றார் அனுசுயா.

ஜனனி பார்த்தாள். ஒரு வகுப்பு நடந்துகொண்டிருந்தது. பெஞ்சில் அவள் வயதுப் பெண்களும் இருந்தார்கள், அவள் அம்மா வயதுப் பெண்களும் இருந்தார்கள். யாரோ ஒருத்தி எழுந்து ஒரு கேள்வி கேட்டாள். பாடம் நடத்திய டீச்சர் மோவாயைத் தடவிக்கொண்டே, "இது எனக்குத் தெரியலியே. பாத்துட்டு வந்து நாளைக்குச் சொல்றேன்" என்றார்.

ஜனனிக்கு மயிர்க்கூச்செறிந்தது. பதினாலு வருஷத்தில் எந்த லைன் இன்சார்ஜ் வாயிலிருந்தும் அவள் கேட்டிராத வாக்கியம் அது. அங்கேயே தீர்மானித்துவிட்டாள். ரெண்டு வருஷம் ஆடைத் தயாரிப்பு நிர்வாகம். பிறகு அங்கிருந்தே பட்டப்படிப்புக்குப் போய்க்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை கடைசி நாள். மாற்றுச் சான்றிதழ், அதாவது டிசி, கையில் இருந்தால் இடம் உண்டு என்று அனுசுயா சொன்னார். அவ்வளவுதான் விஷயம். வேறு ஊராக இருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

அண்டசிகரத்தில் மாணவர்கள் தங்கள் எதிர்காலத்தைச் சுதந்திரமாகத் தேர்ந்தெடுக்கும் நாள் என்று ஒன்று உண்டு. திரையில் கேள்வி வந்தது: 'நீங்கள் சேர விரும்பும் கல்லூரி எது? ஒன்று, அண்டசிகரம் பொறியியல். இரண்டு, அண்டசிகரம் கலை அறிவியல். மூன்று, மேற்கண்ட இரண்டில் ஒன்று. நான்கு, தாளாளர் ஐயா சொல்வது.' லைன் முழுக்கக் கை தூக்கிக்கொண்டிருந்தபோது ஜனனி மட்டும் எழுந்து நின்றாள்.

"மிஸ், நான் முதலிபாளையம் சமுதாயக் கல்லூரிக்குப் போறனுங்க."

லைன் இன்சார்ஜ் திரையைப் பார்த்தார். அதில் அப்படி ஒன்று இல்லை. ஜனனியைப் பார்த்தார். பிறகு மறுபடியும் திரையைப் பார்த்தார். கடைசியில், "கரண்ட் போயிருச்சுன்னு நெனைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். மின்விசிறி பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

கால் மணி நேரத்தில் ஜனனி, அட்மிஷன் மெர்ச்சண்டைசர் ஆரோக்கியராஜ் முன்னால் உட்கார்ந்திருந்தாள். தூத்துக்குடிக்காரர். கிட்டுசாமியின் கம்பெனியில் வெள்ளைக்காரர்களுக்குச் சாம்பிள் காட்டி ஆர்டர் பிடித்துக்கொண்டிருந்தவர். இப்போது பெற்றோருக்குக் காட்டுகிறார்.

"உக்காரும்மா. பயப்படாத. சின்ன வயசுல எல்லாரும் தப்பு செய்யுததுதான்."

"நான் தப்பு ஒண்ணும் செய்யலீங்க சார். காலேஜ் முடிவு பண்ணியிருக்கறேன்."

"அதத்தான நானும் சொல்லுதேன்."

ஆரோக்கியராஜ் மேசை டிராயரிலிருந்து ஓர் அட்டையை எடுத்து விரித்தார். துணிக்கு நிறம் பார்க்கிற அட்டையைப் போலவே, ஒவ்வொரு படிப்புக்கும் ஒரு சின்னச் சதுரத் துணி ஒட்டியிருந்தது. "இது ஏஐ கலந்த கம்ப்யூட்டர். இது கம்ப்யூட்டர் கலந்த ஏஐ. இந்தா, இது ரெண்டும் சமமாக் கலந்தது. எது வேணும்னு சொல்லு, பேக் பண்ணிருதேன்."

"மூணும் ஒரே நீலமா இருக்குதுங்களே சார்?"

"பகல் வெளிச்சத்துல பாக்கணும்மா. டியூப்லைட்ல தெரியாது."

"எனக்கு இது வேண்டாமுங்க சார். அங்க எனக்குப் புடிச்சிருக்குதுங்க."

ஆரோக்கியராஜ் பேனாவைக் கீழே வைத்தார். முப்பது தேசத்து வியாபாரிகளைச் சமாளித்தவர். விலை அதிகம் என்பார்கள், சாயம் போகிறது என்பார்கள், கப்பல் லேட் என்பார்கள். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தார். புடிச்சிருக்குது என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

"புடிச்சிருக்குன்னா? அங்க நீச்சல் குளம் இருக்கா?"

"இல்லீங்க சார்."

"நம்ம காலேஜ்ல குதிரை இருக்கு. தெரியுமா?"

"குதிரை என்னத்துக்குங்க சார்?"

"போட்டோ எடுக்கத்தான்" என்றார் ஆரோக்கியராஜ், கேள்வியின் அறியாமையைப் பொறுத்துக்கொண்டு. "நீ வீட்டுக்குப் போம்மா. பெரியவங்ககிட்ட நாங்க பேசிக்கிடுதோம்."

அன்று சாயங்காலம் லிங்கசாமி மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் மூன்று கார் வந்து நின்றது. பட்டுவேட்டி, பட்டுச்சேலை சகிதம் குழுமத்தார் இறங்கினார்கள். ஆளுக்கொரு தாம்பாளம். தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு, ஒரு கோட்டு, ஒரு டை, ஒரு லேப்டாப் பை. கடைசித் தாம்பாளத்தில் மஞ்சள் தடவிய ஒரு வேலை நியமன உத்தரவு. கம்பெனி பெயர் எழுத வேண்டிய இடம் மட்டும் காலியாக இருந்தது. பக்கத்து வீட்டு ரங்காத்தாள் மதில்மேல் தலையை நீட்டி, "ஏஞ் சித்ரா, பொண்ணு பாக்க வர்றத ஒரு வார்த்த சொல்ல மாட்டியா?" என்று கோபித்துக்கொண்டாள்.

லிங்கசாமி பதறிப்போய் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு எல்லாரையும் உட்காரச் சொன்னார். ஜனனியின் அம்மா சித்ராதேவி காப்பி போட உள்ளே ஓடினாள்.

"அண்ணாச்சி, சுத்தி வளைக்காம சொல்லிருதேன். எங்களுக்கு உங்க பொண்ணைப் புடிச்சிருக்கு" என்றார் ஆரோக்கியராஜ். ஜனனியிடம் கற்ற சொல்லை உடனே பிரயோகித்துவிட்ட திருப்தி முகத்தில் தெரிந்தது.

"சந்தோசமுங்க. மாப்பிள்ளை ஆருங்க?"

"காலேஜ்தான் மாப்பிள்ளை."

பெண்ணைப் பெற்றவர் கேட்க வேண்டியதைக் கேட்டுத்தானே ஆகவேண்டும்? "மாப்பிள்ளைக்குக் கடன் கிடன் உண்டுங்களா?"

"பேங்க்ல கொஞ்சம் இருக்கு. கட்டிருவோம்."

"இதுக்கு முன்னால கட்டிக்கிட்டவங்க ஆராச்சும்...?"

"வருஷத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் பேரு" என்றார் ஆரோக்கியராஜ் பெருமையாக.

காப்பியோடு வந்த சித்ராதேவி நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். "அத்தன பேரும் இப்ப நல்லா இருக்கறாங்களாங்க?"

"அதைப் பத்தித் தகவல் எடுக்குதது எங்க டிபார்ட்மெண்ட்டு இல்லம்மா. அனுப்புததோட எங்க வேலை முடிஞ்சிரும்."

ஜனனிக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் ஆரோக்கியராஜ் குரலைத் தாழ்த்தி அடுத்துச் சொன்னதில் அது அடங்கிப்போயிற்று. "அண்ணாச்சி, உங்க டேபிள்ல ஓடுதது எங்க ஐயா கம்பெனிப் பண்டல்தான? பொண்ணு ஒரு பக்கம், பண்டல் ஒரு பக்கம்னு இருந்தா நல்லாவா இருக்கும்? யோசிச்சுச் சொல்லுங்க."

லிங்கசாமி மேசையின் மேல் அடுக்கியிருந்த வெட்டுத் துணியைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். வேண்டாம் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் ஜனனியால் மீற முடியாது. மீறினாலும் அந்த வகுப்பில் நிம்மதியாக உட்கார முடியாது.

"கண்ணு, உனக்கு அங்கதான் போகோணுமா?"

"ஆமாங்கப்பா."

"ஏன்னு சொல்லு."

"அங்க தெரியலைன்னா தெரியலைன்னு சொல்றாங்கப்பா."

லிங்கசாமி தலையைச் சொறிந்துகொண்டார். பிறகு எழுந்து தாம்பாளங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் குழுமத்தார் கையிலேயே கொடுத்தார். வெற்றிலை பாக்கை மட்டும் வைத்துக்கொண்டார், வந்தவர்களைச் சும்மா அனுப்பினோம் என்று இருக்கக்கூடாதே. "பண்டல் போனா வேற பண்டல் வருமுங்க. ஊரு பூராத் துணிதானுங்களே. காப்பி ஆறுது, குடிங்க."

மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து ரங்காத்தாள், "நல்ல எடமாட்டத் தெரிஞ்சுதே, தட்டிவிட்டுட்டாங்களே!" என்றாள்.

மறுநாள் ஜனனி டிசி கேட்டுப் போனாள். ஆபீஸ் ஜன்னலுக்குள்ளே, பிளாஸ்டிக் பட்டை போட்டு இறுக்கிய ஓர் அட்டைப் பெட்டியை ஆரோக்கியராஜ் காட்டினார். மேலே, 'அனுப்புவது: அண்டசிகரம் பள்ளி. பெறுவது: அண்டசிகரம் கல்லூரி. கவனமாகக் கையாளவும்' என்று அச்சடித்திருந்தது.

"லாட்டு மொத்தத்துக்கும் டிசி இதுக்குள்ள இருக்கும்மா. சீல் போட்டாச்சு. ஒரு பீஸுக்காக மொத்தக் கார்ட்டனையும் பிரிக்க முடியாது."

"பட்டைய அத்துட்டா எடுத்தரலாமுங்களே சார்?"

"பிரிச்ச கார்ட்டனை எந்தக் காலேஜும் வாங்காதும்மா."

"உங்க காலேஜ்தானுங்களே சார்?"

"அவங்கதான் ரொம்ப ஸ்ட்ரிக்ட்டு" என்றார் ஆரோக்கியராஜ். "நாளைக்கு விழாவுக்கு வந்து கடைசி வரிசையில பேசாம உக்காந்துக்க. தலை எண்ணிக்கை சரியா இருக்கணும். மத்ததை அப்புறம் பாக்கலாம்."

நாளை வியாழக்கிழமை. அதற்கு அடுத்த நாள் ஐந்து மணிக்குச் சமுதாயக் கல்லூரியின் மேசை மடக்கப்பட்டுவிடும். இந்தக் கார்ட்டன் விழா முடிந்ததும் ஷட்டரைத் தாண்டிவிடும். தாண்டிவிட்டால் அப்புறம் தேடுவது எந்த ஜென்மத்தில்? அன்று இரவு ஜனனி சாப்பிடவில்லை. கார்ட்டனை எப்படிப் பிரிக்கவைப்பது என்ற ஒரே யோசனை.

ஷிப்மெண்ட் விழாவுக்கு ஊரே வந்திருந்தது. ஜனனியைக் கடைசி வரிசையில், லைனிலேயே உயரமான பையனுக்குப் பின்னால் உட்காரவைத்தார்கள். மேடையில் டிசி கார்ட்டனுக்கு மாலை போட்டு நிறுத்தியிருந்தது. பக்கத்தில் சென்னையிலிருந்து வந்த தரத் தணிக்கையாளர். லாட்டில் சிலரை அவர் இஷ்டத்துக்குப் பொறுக்கி எடுத்து, எந்தக் கல்லூரி என்று கேட்பார். எல்லாரும் ஒரே பதில் சொன்னால் நூறு சதவீதத்துக்குச் சான்றிதழ் எழுதிக் கொடுப்பார்.

கிட்டுசாமி மைக்கைத் தட்டினார்.

"எல்லாருக்கும் வணக்கமுங்க. நான் பெருசாப் படிச்சவன் இல்லீங்க. ஆனா ஒண்ணு கேக்கறேன். கொழந்தைங்களுக்கு ஒலகத்துலயே கஷ்டமான வேலை எதுங்க? யோசிக்கறது! அந்தக் கஷ்டத்த நம்ம குழுமம் அடியோட தொடச்சு எடுத்துருச்சுங்க. எல்கேஜியில சேத்தற அன்னைக்கு நீங்க ஒருக்கா யோசிச்சாப் போதும். அதுக்கப்பறம் உங்க ஊட்டுல ஆருமே யோசிக்க வேண்டியதில்லீங்க!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

"கொழந்தைக்குத் தனித்தன்மை வேணுங்கறாங்க சில பேரு. தனித்தன்மைன்னா என்னுங்க? நம்ம தொழில்ல அதுக்கு டேமேஜுன்னு பேரு! முப்பது வருசம் பனியன் அனுப்புனனுங்க. ஒரு பனியனாச்சும் 'நான் இந்தக் கடைக்குப் போவுல, அந்தக் கடைக்குப் போறேன்'னு சொல்லியிருக்குமுங்களா? பனியனுக்கு இருக்கற ஒழுக்கம் மனுசனுக்கு வேண்டாமுங்களா?"

முன்வரிசைத் தகப்பனார் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தணிக்கையாளர் எழுந்தார். திருப்பூருக்குப் பல காலமாக வந்து போகிறவர். நல்ல சரக்கை மேலே அடுக்கி, மற்றதை அடியில் வைப்பார்கள் என்பது அவருக்குத் தெரியாதா? முன்வரிசையை ஏறிட்டும் பார்க்காமல் நேரே கடைசி வரிசைக்கு வந்தார். உயரமான பையனைச் சற்று விலகச் சொன்னார்.

"எந்தக் கல்லூரிம்மா?"

ஜனனி எழுந்தாள். "முதலிபாளையம் சமுதாயக் கல்லூரிங்க சார்."

பேண்டு வாத்தியக்காரர்கள் அதைச் சைகை என்று எண்ணி ஒரு தட்டுத் தட்டிவிட்டார்கள். ஆரோக்கியராஜ் மேடையிலிருந்து குதித்தே வந்தார். தணிக்கையாளர் பேனாவைத் திறந்து, "டிஃபெக்ட் ஒன்று. லாட் ஃபெயில்" என்று எழுதத் தொடங்கினார்.

"எழுதாதீங்க!" என்று மைக்கிலேயே அலறினார் கிட்டுசாமி. முப்பது வருஷ அனுபவம் சும்மாவா? "லாட்டு ஃபெயில் இல்லீங்க. பீஸ்தான் ரிஜெக்ட்டு. ரிஜெக்ட்டப் பொறுக்கி வெளிய போட்டுட்டா மீதி நூறு சதவீதந்தானுங்களே?"

தணிக்கையாளர் யோசித்துப் பார்த்தார். விதியில் அதற்கு இடமிருந்தது. "வெளியே போட்டுவிட்டால் சரி."

"பாப்பா, நீ ரிஜெக்ட்டு. எந்திரிச்சு வெளிய போ."

இதைத்தான் ஜனனி இரவெல்லாம் யோசித்து வைத்திருந்தாள். நகரவில்லை. "போறனுங்கய்யா. ரிஜெக்ட் பீஸோட டிசி, பாஸான கார்ட்டனுக்குள்ள கெடக்கலாங்களா? அங்க போயி ஆராச்சும் பிரிச்சுப் பாத்தா மொத்தக் கார்ட்டனுமில்லீங்க திரும்பி வரும்?"

கிட்டுசாமிக்கு வேர்த்தது. வாய்தா கேட்க வழியே இல்லாத நியாயம். "பிரிங்கடா அந்தப் பட்டையை!" என்றார். மாலை போட்ட கார்ட்டனின் வயிற்றைக் கிழித்து ஜனனியின் டிசியை எடுத்தார் ஆரோக்கியராஜ். ஆனால் கிட்டுசாமி அதைத் தன் கையில் வாங்கி வைத்துக்கொண்டார்.

"லேபிள்?" என்றார்.

திருப்பூரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். ஏற்றுமதிக்குத் தேறாத உருப்படியைக் கம்பெனி பெயரோடு வெளியே விடக்கூடாது. கழுத்தில் தைத்த லேபிளை வெட்டிவிட்டுத்தான் காதர்பேட்டைச் சில்லறைக் கடைகளுக்கு அனுப்புவார்கள். ஜனனியை மேடையேற்றினார்கள். அவளுடைய சட்டைப் பையின் மேல் அண்டசிகரத்தின் முத்திரை, பூமியைச் சுற்றும் ஒரு மலை, தங்க நூலில் தைத்திருந்தது. ஆரோக்கியராஜ் நூல் வெட்டும் கத்தரியை எடுத்துக்கொண்டு கிட்டத்தில் வந்தார். ஊர் பார்க்க ஒரு பெண்ணின் முத்திரையைக் கத்தரிப்பது. இதற்குமேல் அவமானம் வேண்டுமா? கூட்டம் மூச்சுப் பிடித்துக்கொண்டு பார்த்தது. அழுவாள் என்று எதிர்பார்த்தார்கள். ஜனனி கத்தரியைக் கையை நீட்டி வாங்கினாள். அவளே ஒவ்வொரு தையலாக அறுத்து, முத்திரையைப் பிய்த்து, கிட்டுசாமி கையில் வைத்தாள்.

"இது உங்களுதுங்க. அது என்னுது."

கிட்டுசாமி டிசியைக் கொடுத்தார். வேறென்ன செய்ய முடியும்? பண்டமாற்று முறைப்படி நடந்துவிட்டது.

"ஒட்ட வெட்டுனியா கண்ணு? நூலு தொங்கப் போவுது" என்று கூட்டத்திலிருந்து சித்ராதேவி கேட்டாள். யாரோ சிரித்தார்கள். சிரிப்பு நாலு பக்கமும் பரவியது.

அப்போது நடு வரிசையில் ஒரு கை உயர்ந்தது. மோனிஷா. "சார், அந்தக் கத்தரி இங்க வருமுங்களா? எனக்கு உடுமலையில நர்ஸிங் எடம் கெடச்சிருக்குது. பயந்துட்டுச் சொல்லாம இருந்தனுங்க."

கிட்டுசாமி ஆரோக்கியராஜைப் பார்த்தார். "இதையும் எடுத்துட்டா மீதி எத்தனை சதவீதம்?"

"நூறுதாங்கய்யா."

"அப்ப வெட்டு."

அடுத்து ஒருவன் ஐடிஐ என்றான். ஒருத்தி அரசுக் கல்லூரியில் தமிழ் என்றாள். உயரமான பையன், "எங்க போறதுன்னு இன்னும் தெரியலீங்கய்யா. ஆனா எனக்கும் வெட்டீருங்க" என்றான். ஒவ்வொருவருக்கும் கிட்டுசாமி அதே கேள்வியைக் கேட்டார், ஆரோக்கியராஜ் அதே பதிலைச் சொன்னார். கணக்கு ஒரு தடவையும் பிசகவில்லை. எத்தனை பேர் போனாலும் மீதி நூறு சதவீதமாகவே இருந்தது. கம்பெனியிலிருந்து இன்னும் நாலு கத்தரி வரவழைக்கப்பட்டது. மேடையில் முத்திரைகள் குவிந்தன.

கடைசியில் சசிகுமார் மட்டும் மிஞ்சினான். கிட்டுசாமியின் மைத்துனர் மகன். அவனுக்கும் எழுந்திருக்க ஆசைதான். மாமாவின் கண் அவன் மேலேயே இருந்தது.

"லாட்டு பாஸ்!" என்றார் தணிக்கையாளர்.

ஜனனி கேட்டைத் தாண்டும்போது கிட்டுசாமி பின்னாலேயே வந்தார். மைக் இல்லாத குரல் கொஞ்சம் சின்னதாக இருந்தது. "நில்லு அம்மிணி. நெசமாத்தான் கேக்கறேன். நம்ம காலேஜுல என்ன கொறையக் கண்ட?"

"ஒரு கொறையும் காணலீங்கய்யா. நான் அதைப் பாத்ததே இல்லீங்களே."

"பதினாலு வருசம் செவத்துக்கு இந்தப் பக்கமே இருந்தியே!"

"ஷட்டரு சாத்தியே இருந்துச்சுங்க" என்றாள் ஜனனி. "வந்து சேருன்னுதான் எல்லாருஞ் சொன்னீங்க. வந்து பாருன்னு ஆரும் சொல்லலீங்க. வாரனுங்க."

பஸ் முறைப்படி புறப்பட்டது. பேண்டு முழங்க, ஏசி வீச, சசிகுமார் ஒருவன் மட்டும் முன் சீட்டில் கோட்டு டையோடு உட்கார்ந்திருந்தான். பஸ் ஸ்டாப்பில் முத்திரையில்லாத சட்டைகள் கும்பலாக நின்றன. உடுமலை பஸ்ஸுக்குச் சிலர், பல்லடம் பஸ்ஸுக்குச் சிலர், கோயமுத்தூருக்குச் சிலர். ஒரே பஸ்ஸுக்கு இரண்டு பேர் சேர்ந்து நின்றால் ஆச்சரியம். சசிகுமார் அதைப் பார்த்தான். "டிரைவரண்ணா, சித்தெ நிறுத்துங்க. வாந்தி வருது" என்றான். இறங்கினான். வாந்தி வரவில்லை, அவனும் வரவில்லை.

சுவரின் மறுபக்கத்தில் பஸ்ஸின் கதவு திறந்தது. முதல்வர் பன்னீரைத் தெளித்தார். டிரைவர் நனைந்தார்.

"அவனும் ரிஜெக்ட்டுதான். ரிஜெக்ட்டு போக மீதி எத்தனை?" என்று கேட்டார் கிட்டுசாமி.

"பூஜ்யம்ங்கய்யா."

"வந்து சேந்தது?"

"அதுவும் பூஜ்யந்தாங்கய்யா."

"பூஜ்யம் அனுப்பி பூஜ்யம் வந்துருக்குது. ஒண்ணாச்சும் கொறஞ்சுதா?" கிட்டுசாமி தணிக்கையாளர் பக்கம் திரும்பினார். தணிக்கையாளர் கையெழுத்துப் போட்டார். அடுத்த வாரமே அவினாசி ரோட்டில் புது பிளக்ஸ் எழுந்தது. 'மீண்டும் நூறு சதவீதம்!' பிள்ளைகள் படம் போட வேண்டிய இடத்தில் குதிரையின் படம் இருந்தது.

விழாவுக்கு மறுநாள், வெள்ளிக்கிழமை காலையில், கிட்டுசாமி கம்பெனி வேன் லிங்கசாமி வீட்டுக்கு வந்து தைக்காத பண்டல்களைத் திருப்பிக் கேட்டது. லிங்கசாமி ஒவ்வொன்றாக அவரே தூக்கி ஏற்றிவிட்டார். துணி கசங்காமல் அடுக்கச் சொல்லி வேன்காரருக்குப் புத்தியும் சொன்னார். காலியான மேசையைத் துணியால் துடைத்தார். "வா கண்ணு, வெசையாப் போலாம். மேசை மடக்கீருவாங்க" என்று மொபெட்டைக் கிளப்பினார்.

குடோனில் வரிசை நின்றது. அனுசுயா டிசியை வாங்கிப் பார்த்தார், ஜனனியின் பெயரை எழுதினார், சீல் வைத்தார். யாரும் பன்னீர் தெளிக்கவில்லை. மின்விசிறி ஒன்று கடகடத்தது.

"அவ்வளவுதான். திங்கக்கெழமை வந்துரு" என்றார் அனுசுயா. பிறகு எல்லாரிடமும் கேட்பதுபோல, தலையைத் தூக்காமலே, "கேக்கறதுக்கு ஏதாச்சும் இருக்குதா?" என்றார்.

ஜனனி பின்னால் நின்ற வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள்.

"இருக்குதுங்க அக்கா. நெறைய இருக்குது" என்று சொல்லி, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.